மூன்று ஊசியும் ஒரு மோட்டாரும்

(சிக்கன விலை ரோட்டரி டாட்டூ மெஷினைத் தேர்ந்தெடுப்பது, கையாள்வது பற்றி, புனே அருகே சிஞ்ச்வட் தமிழ் இளைஞர்களுக்கான சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரோட்டரி டாட்டூ மெஷினைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இராது. ஒரு டி.சி. மோட்டார், அதன் தண்டில் மையம் விலகிய, அதாவது ‘எக்சென்ட்ரிக்’ ஆன, ஒரு பின், அந்தப் பின்னில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பேரிங், ஊசியைத் தள்ளும் ஒரு கம்பி. அவ்வளவுதான். வேறு ஊரில் இதைச் சொல்லப் படம் வரைய வேண்டும். சிஞ்ச்வட்டில் அந்த வேலை மிச்சம். எஸ்.கே.எஃப். பேரிங் ஆலை 1960-களிலிருந்து ஓடும் ஊர் இது. பக்கத்து போசரியில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் லேத் சத்தம். ‘எக்சென்ட்ரிக்’ என்றால் இந்த அவையில் பாதிப் பேர் அதைக் கடைந்தவர்கள், மீதிப் பேர் அதை இன்ஸ்பெக்ஷனில் ரிஜெக்ட் செய்தவர்கள்.

ஷிப்ட் முடிந்து வந்து நோட்டில் படம் வரைகிற பிள்ளைகள் இங்கே நிறைய. அவர்களில் சிலருக்கு டாட்டூ கற்றுக்கொள்ள ஆசை. கையில் இருப்பது சில ஆயிரம் ரூபாய். ஆன்லைனில் தேடினால் இரண்டாயிரத்துக்கும் மெஷின் இருக்கிறது, ஐம்பதாயிரத்தைத் தாண்டியும் இருக்கிறது. இரண்டும் போட்டோவில் ஒரே மாதிரிப் பளபளக்கின்றன. எதை வாங்குவது? சிக்கன விலை மெஷினே போதும், அதில் தவறில்லை. ஆனால் மெஷினில் மிச்சம் பிடித்த பணம் ஊசிக்குப் போக வேண்டும். அது எப்படி, ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

மலிவு ரோட்டரி என்றதும் நேற்று சீனாவில் முளைத்த பொருள் என்று பலருக்கு நினைப்பு. இதன் வம்சம் பழையது. தாமஸ் எடிசன் 1876-இல் ஒரு மின்பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அலுவலகக் கடிதங்களைப் பல பிரதி எடுப்பதற்கான கருவி அது. பேனா முனையில் ஊசி, தலையில் சின்ன மோட்டார், மேசைமேல் பாட்டரி. எழுத எழுதக் காகிதத்தில் பொடிப்பொடியாக ஓட்டை விழும். அந்தக் காகிதத்தை ஸ்டென்சிலாக வைத்து மை உருளையை ஓட்டினால் பிரதி தயார். அலுவலகத்தில் அது நிலைக்கவில்லை. ஆனால் 1891 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி என்பவர் அதே சுழல் முறையை வைத்துத் தோலில் மை ஏற்றும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். உலகின் முதல் மின்சார டாட்டூ மெஷின் காப்புரிமை அதுதான். ஆக, முதலில் வந்ததே ரோட்டரி.

காயில் மெஷின் அதற்குப் பிறகு வந்தது. காலிங் பெல் அடிக்கிற அதே மின்காந்தத் தத்துவம்: காயில் இழுக்கும், தொடர்பு அறும், ஸ்ப்ரிங் திரும்பத் தள்ளும். சார்லி வாக்னர் 1904-இல் வாங்கிய காப்புரிமைக்குப் பின் இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் காயிலின் ஆட்சிதான். டாட்டூ கடை என்றதும் காதில் கேட்கிற அந்த ‘ர்ர்ர்’ சத்தம் அதனுடையது. நல்ல காயில் மெஷின் நல்ல ஆயுதம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஸ்ப்ரிங்கின் இழுவை, கான்டாக்ட் ஸ்க்ரூவின் இடைவெளி என்று ஒவ்வொன்றையும் காதால் கேட்டு டியூன் செய்யத் தெரிய வேண்டும். புதிதாகக் கற்பவர் பாதி நேரம் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பார். 1978-இல் ஜெர்மனியின் மன்ஃப்ரெட் கோர்ஸ் சாதாரண டி.சி. மோட்டாரை வைத்து ரோட்டரியை மீண்டும் கொண்டு வந்தார். பிறகு, 2000-களில், பெர்லினின் செயேன் கம்பெனி கார்ட்ரிட்ஜ் ஊசிகளைப் பரப்பியது. பேனாவில் ரீஃபில் போடுவதுபோல ஊசியைச் செருகி, வேலை முடிந்ததும் உருவி எறியலாம். இன்று ஆன்லைனில் விற்கிற மலிவு மெஷின்கள் அனைத்தும் இந்த இரண்டு யோசனைகளின் பேரப்பிள்ளைகள்.

நம் பக்கத்தில் மோட்டார் இல்லாமலே இது நடந்து கொண்டிருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பச்சை குத்தும் குறத்திகளின் செய்முறையை எழுதிவைத்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியில் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. கருவி என்ன? மூன்று தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டியது. இன்று கடையில் ‘3 ஆர்.எல்.’ என்று கேட்டு வாங்கும் ரவுண்ட் லைனர் கார்ட்ரிட்ஜுக்குள்ளும் மூன்று ஊசிகளே வட்டமாகச் சேர்ந்திருக்கின்றன. நூலுக்குப் பதில் பற்றவைப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மகாராஷ்டிராவில் இதே கலைக்கு கோந்தண் என்று பெயர். ஜத்ரா எனும் ஊர்த் திருவிழாக்களில் மோட்டார் எப்போதோ நுழைந்துவிட்டது. பாட்டரியோடு உட்கார்ந்து, கையில் சின்ன மெஷினை வைத்துக்கொண்டு, பெயர் ஐந்து நிமிடம், ஓம் இரண்டு நிமிடம் என்று குத்திக் கொடுப்பார்கள். அந்த மெஷினும் மலிவு ரோட்டரிதான். அதில் மோட்டார் மோசமில்லை. ஒரே ஊசியை ஒரே மைக் குப்பியில் தோய்த்துத் துணியில் துடைத்துவிட்டு அடுத்தவர் கையில் வைத்தார்களே, அதுதான் மோசம். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும், ஏழு நாள் உயிரோடிருக்கக் கூடியது. கண்ணுக்குத் தெரியாத துளியே போதும். மலிவு என்ற சொல்லுக்கு டாட்டூவில் கெட்ட பெயர் வந்தது இந்த வழியாகத்தான்.

இனி மெஷினுக்குள் போவோம்.

முதலில் ஸ்ட்ரோக். பின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதைப் போல இரண்டு மடங்கு தூரம் ஊசி மேலும் கீழும் போய்வரும். 1.75 மில்லிமீட்டர் விலகல் என்றால் ஸ்ட்ரோக் 3.5 மில்லிமீட்டர். லேத்தில் நிற்பவருக்கு இது பாலபாடம். அதே கணக்கில், பின்னுக்குத் துளையிட்ட இடம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஸ்ட்ரோக் பத்தில் இரண்டு தவறும். மலிவு மெஷின்களில் பெட்டியில் போட்ட எண்ணும் உள்ளே இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டியதில்லை. வெர்னியர் கையில் இருப்பவர் அளந்தே பார்த்துவிடலாம். பொதுவாக 2.5-இலிருந்து 3 வரை மென்மையான ஷேடிங்குக்கு, 4-ம் அதற்கு மேலும் அழுத்தமான லைனுக்கு, 3.5 இரண்டுக்கும் நடுவில் எல்லா வேலைக்கும். முதல் மெஷினுக்கு 3.5 நிலையாக உள்ளதே சரி. வளையத்தைத் திருகி ஸ்ட்ரோக்கை மாற்றும் மாடல்கள் மலிவு விலையிலும் வந்துவிட்டன. அந்த விலையில் அந்த வளையம் தேய்ந்து ஆடப்போகிற இன்னொரு பாகம், வேறொன்றுமில்லை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஸ்ட்ரோக் 3.5 என்றால் ஊசி 3.5 மில்லிமீட்டர் தோலுக்குள் போகிறது என்று சிலர் பயப்படுகிறார்கள், சிலர் அப்படியே குத்தியும் விடுகிறார்கள். ஊசி போக வேண்டிய ஆழம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். மேல்தோலைக் கடந்து அடித்தோலில் மை நிற்க அது போதும். ஸ்ட்ரோக் என்பது ஊசி ஓடிவருகிற தூரம். ஆழத்தைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: கார்ட்ரிட்ஜ் முனைக்கு வெளியே ஊசி எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதும், கை எவ்வளவு அழுத்துகிறது என்பதும்.

அடுத்தது வேகம். எடுத்துக்காட்டாக, மெஷின் நிமிடத்துக்கு 7,200 முறை குத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 120. கை நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு குத்து விழும், குத்துக்குக் குத்து கால் மில்லிமீட்டர் இடைவெளி. லைன் ஊசிகளில் பரவலாகப் புழங்கும் 12-ஆம் எண் ஊசித் தண்டின் விட்டம் 0.35 மில்லிமீட்டர். ஆக, புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோடாகத் தெரியும். கை அவசரப்பட்டு ஆறு சென்டிமீட்டர் ஓடினால் இடைவெளி அரை மில்லிமீட்டராகிக் கோடு புள்ளியாக உடையும். கை தயங்கி ஒரு சென்டிமீட்டரில் ஊர்ந்தால் ஒரு மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டு குத்து. தோல் கிழிந்து நீர் கசியும், ஆறினால் தழும்பு. தையல் மெஷினில் பெடல் வேகமும் துணியைத் தள்ளும் வேகமும் பொருந்த வேண்டும் அல்லவா, இங்கும் அதே ஒழுங்குதான்.

வோல்ட் என்பது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி மட்டும். “நான் எட்டு வோல்ட்டில் லைன் போடுகிறேன்” என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய மோட்டாருக்கு மட்டும் பொருந்தும் செய்தி. வேறு மோட்டாரில் அதே எட்டு வோல்ட் வேறு வேகம் தரும். பிறகு இன்னொன்று: காற்றில் ஓடுகிற வேகமும் தோலில் ஓடுகிற வேகமும் ஒன்றல்ல. தோல் எதிர்க்கும், கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் ரப்பர் எதிர்க்கும், பதினைந்து ஊசி கொண்ட மேக்னம் போட்டால் எதிர்ப்பு இன்னும் கூடும். விலை உயர்ந்த மெஷின்களில் ஃபால்ஹாபர், மாக்ஸான் போன்ற கம்பெனிகளின் இரும்பு உள்ளகம் இல்லாத கோர்லெஸ் மோட்டார்கள் இருக்கும். லேசானவை, சட்டென்று வேகம் பிடிப்பவை, சுமை ஏறினாலும் அதிகம் தளராதவை. மலிவு மெஷினில் இருப்பது பெரும்பாலும் பிரஷ் வைத்த சாதாரண மோட்டார். அது சுமையில் தளரும். தளர்வது குற்றமில்லை, எவ்வளவு தளர்கிறது என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளாததுதான் குற்றம். பெட்டியில் ‘ஜப்பான் மோட்டார்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்திருப்பதால் ஒன்றும் தெரிந்துவிடாது.

சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். கடைக்காரர் அனுமதித்தால் அங்கேயே, ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டில், இதைச் செய்யலாம். வோல்ட்டை நான்கு ஐந்துக்கு இறக்கி மெஷினை ஓடவிடுங்கள். தயங்கித் தயங்கிக் கிளம்புகிற மோட்டாரை விட்டுவிடுங்கள். ஏழில் ஓடும்போது புதிய கார்ட்ரிட்ஜின் முனையைப் பென்சில் ரப்பர் மேல் மெல்ல வையுங்கள். சத்தம் லேசாக இறங்கினால் சரி, ஈனஸ்வரத்தில் முனகினால் அது தோலிலும் முனகும். அரை மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். வெதுவெதுப்பு இயல்பு, பிடிக்க முடியாத சூடு ஆகாது. கார்ட்ரிட்ஜைச் செருகி விரலால் ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் கோடும் ஆடும். ஆழம் மாற்றும் கிரிப்பைத் திருகிவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டியபின் வைத்த இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அதிர்வில் தானாகத் திருகிக்கொள்கிற கிரிப் ஊசி நீளத்தை வேலை நடுவே மாற்றிவிடும்.

கேபிள் இணைப்பில் ஆர்.சி.ஏ. முள் உள்ளதை எடுங்கள். டி.வி. பெட்டியின் பின்னால் செருகுவோமே, அதே முள். பழைய கிளிப் கார்டு அசைகிற இடமெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஒயர்லெஸ் மெஷினின் கவர்ச்சி புரிகிறது, கையில் கயிறு இல்லை, போட்டோவுக்கும் அழகு. ஆனால் ஐந்தாறாயிரம் ரூபாய் மெஷினில் பாட்டரிக்கும் சார்ஜருக்கும் டிஸ்ப்ளேவுக்கும் போன பணம் மோட்டாரிலிருந்து எடுத்த பணம். போதாததற்குப் பாட்டரியின் எடை பின்பக்கம் இழுக்கும், பழகாத மணிக்கட்டு ஒரு மணி நேரத்தில் நோகும். முதல் மெஷின் ஒயரோடு இருக்கட்டும்.

பவர் சப்ளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலிவு யூனிட்டுகளின் திரையில் தெரியும் எண்ணும் முள்ளில் வருகிற வோல்ட்டும் பொருந்த வேண்டும் என்று சட்டமில்லை. இந்த ஊரில் தெருவுக்கு ஒரு எலெக்ட்ரீஷியன், வீட்டுக்கு ஒரு மல்டிமீட்டர். மெஷின் ஓடும்போது அளந்து பாருங்கள். ஓடாதபோது அளந்தால் அதற்கு அர்த்தமில்லை.

‘ஃபுல் கிட்’ என்று ஒன்று விற்கிறார்கள். மெஷின், பவர் சப்ளை, பெடல், ஊசி, பத்துப் பதினைந்து நிற மை, கையுறை எல்லாம் சேர்த்து ஒரே விலை. கல்யாணச் சீர்வரிசை போலப் பார்க்க நிறைவாக இருக்கும். அந்த மெஷினை வேண்டுமானால் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த மையைக் குப்பையில் போடுங்கள். குப்பிமேல் தயாரித்தவர் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. தோலுக்குள் ஆயுளுக்கும் தங்கப்போகிற பொருள் அது. 2025-இல் கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டு ராவ், டாட்டூ மைகளில் 22 உலோகங்கள் காணப்பட்டதாகச் சொல்லி, கட்டுப்பாடு கொண்டுவர மத்திய அரசை அணுகப்போவதாக அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதலே மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது.

இப்போது கார்ட்ரிட்ஜுக்கு வருவோம், பேச்சின் மையம் இதுதான். கார்ட்ரிட்ஜுக்குள் ஊசிக்குப் பின்னால் மெல்லிய ரப்பர் படலம் ஒன்று உண்டு, மெம்ப்ரேன் என்பார்கள். ஊசி பின்வாங்கும்போது மையும் ரத்தமும் அதோடு சேர்ந்து மேலே ஏறாமல் தடுப்பது இதுதான். இது இல்லாவிட்டால் அல்லது கிழிந்திருந்தால் அந்தக் கலவை கிரிப்புக்குள் போகும், கிரிப்பைத் தாண்டி மோட்டாருக்குப் போகும். கார்ட்ரிட்ஜை மாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் அடுத்தவர் வந்து உட்காருவார், முந்தியவருடைய ரத்தம் உள்ளே காத்திருக்கும். ஜத்ராவில் துணியில் துடைத்த ஊசியும் இதுவும் விளைவில் ஒன்றே. மோட்டாரை ஆட்டோகிளேவ் எனும் நீராவிக் கருவியில் வேகவைக்க முடியாது. ஆகவே ரத்தம் அங்கே போகவே கூடாது.

கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக சீல் வைத்த பாக்கெட்டில் இருக்கிறதா, எத்திலீன் ஆக்சைடால் கிருமி நீக்கியதற்கான நிறக் குறி மாறியிருக்கிறதா, காலாவதித் தேதி உண்டா என்று பாருங்கள். புது பெட்டி வந்தால் ஒன்றைத் தியாகம் செய்யலாம்: முனையைத் தண்ணீரில் தோய்த்து மெஷினை ஓட்டிவிட்டுக் கழற்றி, பின்புறத்தை டிஷ்யூவில் தட்டுங்கள். ஈரம் தெரிந்தால் அந்தப் பெட்டி மொத்தமும் வேண்டாம். மெம்ப்ரேன் மிகவும் விறைப்பாக இருந்தாலும் தொல்லை, ஒவ்வொரு குத்துக்கும் மோட்டார் அந்த ரப்பரோடு மல்லுக்கட்ட வேண்டும். மலிவு மோட்டார் அதிலேயே களைத்துவிடும். மெஷின் மோசம் என்று திட்டுகிறவர்களில் சிலர் கார்ட்ரிட்ஜை மாற்றிப் பார்த்திருந்தால் திட்டியிருக்க மாட்டார்கள்.

பணத்தைக் கூட்டிப் பார்க்கலாம். நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்று ஏறக்குறைய ஐம்பதிலிருந்து நூற்றைம்பது ரூபாய். ஒரு டாட்டூவுக்கு லைனுக்கு ஒன்று, ஷேடிங்குக்கு ஒன்று. அதோடு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மைக் கிண்ணம், இரண்டு மூன்று ஜோடி நைட்ரைல் கையுறை, மெஷினுக்கும் கேபிளுக்கும் பிளாஸ்டிக் உறை, மேசைக்கு விரிப்பு. நூறு டாட்டூ போடுவதற்குள் மெஷினின் விலையைப் போலப் பல மடங்கு இவற்றுக்குப் போய்விடும். மெஷினில் இருபதாயிரம் போட்டுவிட்டுக் கார்ட்ரிட்ஜைக் கழுவி மறுபடி போடுகிறவரைவிட, நாலாயிரம் ரூபாய் மெஷினோடு ஒவ்வொரு முறையும் புது ஊசி போடுகிறவரே நல்ல தொழிலாளி.

கிரிப் விஷயத்திலும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். எவர்சில்வர் அல்லது அலுமினிய கிரிப் தனியாகக் கழன்று வருகிற மெஷினாகப் பாருங்கள். அதைத் தேய்த்துக் கழுவிப் பையில் சீல் வைத்து ஆட்டோகிளேவில் 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் வைக்கலாம். அழகு நிலையங்களில் நீல விளக்கு எரியும் பெட்டி இருக்கிறதே, அது கிருமி நீக்கும் கருவி ஆகாது. ஆட்டோகிளேவ் வாங்க வசதியில்லை என்றால் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிரிப்களே வழி.

மெஷின் கைக்கு வந்ததும் முதலில் யார் தோலில் குத்துவது என்ற கேள்விக்கு ஒரே பதில்: யார் தோலிலும் இல்லை, தன் தொடையிலும்கூட இல்லை. சிலிக்கான் பயிற்சித் தோல் மலிவாகக் கிடைக்கிறது. வாழைப்பழத் தோலும் கற்றுத்தரும், அழுத்தம் கூடினால் உடனே கிழிந்து காட்டிக்கொடுக்கும். முதலில் மை இல்லாமல், பிறகு மையோடு, நேர்கோடு, வளைவு, கோடும் கோடும் சேரும் இடம். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு வளைவு சீக்கிரம் வரும். சிலிக்கான் ரத்தம் கசியாது, வீங்காது, மூச்சு விடும்போது அசையாது. அந்தப் பாடம் அனுபவசாலி ஒருவருடைய கடையில், அவர் பக்கத்தில் நின்றுதான் வரும். கை இழுக்கும் தோல் மத்தளம்போல விறைத்திருக்க வேண்டும் என்பதை எந்த வீடியோவும் விரலுக்குச் சொல்லிக்கொடுக்காது.

நம் தோலைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்கள் அதிகம் பேசுவதில்லை. மை தங்குவது அடித்தோலில், நம் நிறம் இருப்பது அதற்கு மேலே மேல்தோலில். எனவே எந்த நிறமும் நம் பழுப்பின் ஊடாகத்தான் தெரியும். வெளிர் மஞ்சளும் வெள்ளையும் ஆறியபின் காணாமல் போகும். நிறம் தெரியவில்லையே என்று அதே இடத்தில் மேலும் மேலும் குத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. கருத்த தோலில் கீலாய்டு என்கிற தடித்த தழும்பு வரும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடம் தடித்தவரா, தடுப்பூசித் தழும்பு உருண்டு நிற்கிறதா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. மணிக்கட்டின் உள்பக்கம், முழங்கை மடிப்பு போன்ற இடங்களில் தோல் மெல்லியது. அங்கே ஊசி கொஞ்சம் ஆழம் போனாலும் மை அடியில் பரவிக் கோட்டைச் சுற்றி நீலப் புகைபோல நிற்கும். ப்ளோ அவுட் என்பார்கள், அழிப்பது கடினம். மலிவு ரோட்டரிகள் பெரும்பாலும் டைரக்ட் டிரைவ், அதாவது பின் நேராக ஊசியைத் தள்ளும், நடுவில் விட்டுக்கொடுக்க ஸ்ப்ரிங் கிடையாது. கை அழுத்தினால் அழுத்தம் அப்படியே இறங்கும். ஆகவே மெல்லிய இடத்தில் வோல்ட்டைக் குறைத்து, ஊசி நீட்டத்தையும் குறைத்து, கையை லேசாக்க வேண்டும்.

யாருக்குப் போடுகிறோம் என்பதிலும் யோசனை தேவை. பக்கத்தில் தேகு ரோடு கன்டோன்மென்ட் இருக்கிறது, ராணுவத்துக்கு முயலும் பிள்ளைகள் இந்தப் பகுதியில் உண்டு. பழங்குடியினருக்கான விலக்கு தவிர, ராணுவம் நிரந்தரப் பச்சையை முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டுமே ஏற்கிறது. வேலைத் திட்டத்தைக் கேட்காமல் தோளில் சிங்கத்தைப் போட்டுவிட்டால் சிங்கம் நிற்கும், வேலை போகும். ரத்த தானம் செய்கிறவர்கள் டாட்டூவுக்குப் பின் 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று தேசிய ரத்தப் பரிமாற்றக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. பதினெட்டு நிரம்பாதவர் எவ்வளவு கெஞ்சினாலும் மறுத்துவிட வேண்டும்.

கையில் ஊசி வந்ததும் சிலருக்கு மருத்துவர் ஆகிவிட்ட நினைப்பும் வந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்து விட்டதற்காகப் போலீஸ் இருவரைக் கைது செய்தது, மாநகராட்சி கடைக்கு சீல் வைத்தது. மை ஏற்றுவதோடு நம் வேலை முடிகிறது.

கழிவுக்கும் ஒரு வார்த்தை. காலையில் தெருவுக்கு வரும் கண்டா காடி எனும் குப்பை வண்டியில் பயன்படுத்திய கார்ட்ரிட்ஜைப் போட்டால், குப்பையைக் கையால் பிரிக்கும் பெண்ணின் விரலில்தான் அது ஏறும். ஊசி துளைக்க முடியாத கெட்டி டப்பாவில் சேர்த்து வைத்து, மருத்துவக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். அதற்கு ஒரு சிறு கிளினிக்கோடு பேசி ஏற்பாடு செய்துகொள்வது கடினமில்லை.

மெஷின் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். ஆர்டர் போடுவதற்கு முன்பே அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போய் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி இன்று, இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாவது மாதம். புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட்டிலேயே தயாராகிற மருந்துதான், எட்டாத விலையுமில்லை. அந்த ஆறு மாதமும் சிலிக்கான் தோலில் பயிற்சி எடுங்கள், மூன்றாவது ஊசியும் போட்டபின் முதல் ஆளை நாற்காலியில் உட்காரவையுங்கள்.